லைட் கம்பத்துக்கு குழி எத்தனை அடி? – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

கடலூர் பக்கம் கடலோர கிராமம் எங்களுது. ஊர் கிரவுண்டுல ராத்திரி வாலிபால் ஆட லைட் போடலாம்னு வெளிநாட்டுல இருக்க பசங்க எல்லாம் காசு அனுப்பிருக்காங்க. ஆறு கம்பம், 9 மீட்டர் ஆக்டகனல் ஜிஐ போல் (எட்டுப்பட்டை, ஜிங்க் பூசின இரும்பு), ஒவ்வொண்ணுலயும் ரெண்டு எல்இடி ஃப்ளட் லைட். கான்ட்ராக்டர் ரெண்டுக்கு ரெண்டு அடி, மூணு அடி ஆழம் போதும்ங்கறார். கம்பம் என்ன பெரிய வெயிட்டா, நூறு கம்பம் நட்டிருக்கேன் ஒண்ணும் சாயலங்கறார். எனக்கு 2011ல அடிச்ச ‘தானே’ புயல்தான் ஞாபகம் வருது. எவ்ளோ ஆழம் கேக்கணும்?

– கடலூர் வாசகர்

வணக்கம் தம்பி,

மூணு அடிக்கு ஒத்துக்காத. அஞ்சு அடி கேளு. ஏன்னு விளக்கமாவே சொல்றேன், அப்பதான் அவர்கிட்ட நீ பேச முடியும்.

வீட்டுக்கு அஸ்திவாரம் போடறது மேல இருக்க பாரத்தை தாங்க. கம்பத்துக்கு அந்தக் கவலையே இல்ல, அவர் சொல்றது சரிதான், வெயிட் ஒண்ணுமே இல்ல. ஆனா காத்து அதை சாய்க்கப் பாக்குது, அதைத் தடுக்கத்தான் அடியில கான்கிரீட். கட்டடத்துக்கு காத்து பாரம் எவ்ளோன்னு சொல்ற நம்ம இந்திய தர விதி ஐஎஸ் 875 மூணாம் பாகத்துல ஊர் ஊரா காத்து வேகம் போட்டிருக்கான், மதுரைக்கு செகண்டுக்கு 39 மீட்டர், சென்னைக்கும் பாண்டிச்சேரிக்கும் 50. 50ன்னா மணிக்கு 180 கிலோமீட்டர். இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா வேகம் டபுள் ஆனா அழுத்தம் நாலு மடங்கு ஆகும். அதனால 25 மீட்டர் காத்துல நின்ன கம்பம் 50லயும் நிக்கும்னு சொல்லவே முடியாது. அவர் நட்ட நூறு கம்பத்துல 2011 டிசம்பர் 30க்கு முன்னாடி உங்க கரையோரம் நட்டு தானேல நின்னது எத்தனைன்னு கேளு.

உன் கம்பத்துக்கே கணக்கு போட்டுப் பாத்தேன். அடியில 150, உச்சில 70 மில்லிமீட்டர், லைட் ஒண்ணு 0.1 சதுர மீட்டர்னு வச்சுக்கிட்டேன். 50 மீட்டர் காத்துல ஒரு சதுர மீட்டருக்கு 1500 நியூட்டன் அழுத்தம். மொத்தம் தள்ற விசை 230 கிலோ மாதிரிதான் வருது, ஆனா அது தள்றது உயரத்துல, அதனால தரை மட்டத்துல சாய்க்கற மொமெண்ட், அதாவது விசையை அது தள்ற உயரத்தால பெருக்கினது, 1.1 டன் மீட்டர். இதை எதிர்த்து நிக்கறது கான்கிரீட்டோட வெயிட் இல்ல, பக்கத்து மண்ணு. 1964ல ப்ராம்ஸ்ங்கறவர் எழுதின முறைப்படி பாத்தா, மணல்ல அந்த பிடிப்பு ஆழத்தை மூணு தடவை பெருக்கினா வர்ற அளவுக்கு ஏத்த மாதிரி கூடுது. ரெண்டடி சதுரத்துல மூணு அடி ஆழம்னா காஞ்ச மணல்லயே அந்த 230 கிலோவுக்கு கொஞ்சம் கம்மியாதான் தாங்குது, அதாவது ஃபெயில். அஞ்சு அடின்னா கிட்டத்தட்ட நாலு மடங்கு கையிருப்பு. கான்கிரீட் 12 கன அடிலேருந்து 20 ஆகுது, அவ்ளோதான் எக்ஸ்ட்ரா செலவு.

நாலு மடங்கு எதுக்கு, ரெண்டு போதாதான்னு அவர் கேப்பார். உங்க ஊர்ல புயல் தனியா வராது, மழையோட வரும். தண்ணி தரை மட்டத்துக்கு வந்துட்டா மணலோட எடை பாதியா போயிடும், பிடிப்பும் பாதி. நாலு ரெண்டாகும். அந்த ரெண்டு கைல இருக்கணும், அதுக்குத்தான்.

இன்னொண்ணு, இதை ரொம்ப அழுத்தி சொல்றேன். ஜேசிபி விட்டு அகலமா பள்ளம் பறிச்சு, நடுவுல பலகை அடிச்சு கான்கிரீட் போட்டுட்டு சுத்தி மண்ணைத் தள்ளி மூடற வேலை வேண்டவே வேண்டாம். நான் போட்ட கணக்கு எல்லாம் கலையாத மண்ணு கான்கிரீட்டை ஒட்டி நிக்குதுன்னு நம்பி போட்டது, தள்ளி மூடின மண்ணு அந்த வேலைய செய்யாது. கையால வெட்டி குழி சுவர் மேலயே கான்கிரீட் ஊத்தணும். மணல் சரியற இடம்னா ஆள உள்ள இறக்கிடாத தம்பி, உயிர் போற விஷயம், கிணத்து உறை இறக்கி அதுக்குள்ளயே கான்கிரீட் போட்டுடலாம். மூணடிலயே ஊத்து வந்து தோண்டவே முடியலன்னா மட்டும் அகலத்துக்கு போங்க, நாலுக்கு நாலு அடி, வெயிட்டுலயே நிக்கிற மாதிரி, ஆனா அதுக்கு 48 கன அடி கான்கிரீட் ஆகும், தண்ணில மிதப்பும் கழிச்சு தனியா கணக்கு போடணும்.

கடலோரம்ங்கறதால எம்30 கலவை, கம்பிக்கு வெளிய 50 மில்லிமீட்டர் கான்கிரீட் கவர், இது கான்கிரீட்டுக்கான ஐஎஸ் 456லயே இருக்கு. 12 மில்லிமீட்டர் கம்பி எட்டு, 8 மில்லிமீட்டர் ரிங் ஆறு இஞ்சுக்கு ஒண்ணு போதும். கம்பத்தை அடியில பிடிக்கற ஆங்கர் போல்ட் நாலையும் டெம்ப்ளேட்ல (ஓட்டை போட்ட அளவுத் தகடு) பூட்டி, கம்பிக்கூடோட கட்டி, அப்புறம்தான் கான்கிரீட். ஊத்தின பிறகு ஈரத்துல சொருகறது வேண்டாம், கோணலா நிக்கும், கம்பத்தோட அடித்தகடு, பேஸ் பிளேட், உக்காரலன்னு அதோட ஓட்டைய கேஸ் வச்சு பெருசாக்குவாங்க, அங்க ஜிங்க் போயிடும், உப்புக்காத்துல அங்கதான் முதல்ல துரு பிடிக்கும். போல்ட் மரைக்கு ஒரு பிளாஸ்டிக் கவர் சுத்தி விடு. கேபிள் பைப்பும் அப்பவே உள்ள வைக்கணும், மறந்துட்டு பிறகு உளி வச்சு கொத்துவாங்க.

அப்புறம் ஃப்ளெக்ஸ். ஊர்ல கம்பம் நட்டா மறுநாளே யாராவது பேனர் கட்டுவாங்க. நாலுக்கு ஆறு அடி பேனரை மூணு மீட்டர் உயரத்துல கட்டி அதே காத்து அடிச்சா அது மட்டுமே 1.2 டன் மீட்டர், கம்பமும் லைட்டும் சேந்து தர்றதை விட ஜாஸ்தி. கிழிஞ்சா தப்பிச்சோம், கிழியலன்னா? கமிட்டில இப்பவே பேசி முடிவு பண்ணிடுங்க, கம்பத்துல யாரும் எதுவும் கட்டக்கூடாதுன்னு. லைட்டு பின்னாடி நாலா ஆக்கலாம்னு ஐடியா இருந்தாலும் இப்பவே சொல்லு, கணக்கு மாறும்.

ஒரு குழி மட்டும் முதல்ல வெட்டச் சொல்லு. எத்தனை அடில மணல், எத்தனை அடில களி, தண்ணி எங்க வருதுன்னு டேப் வச்சு போட்டோ எடுத்து அனுப்பு. களியா இருந்தா நான் மேல சொன்ன நம்பர் செல்லாது, அதுக்கு வேற போட்டுத் தர்றேன்.