தாய்லாந்தில் பள்ளி விடுமுறைக்குச் சிறுவர்கள் புத்தத் துறவியாகிறார்களாமே, அங்கே என்னதான் கற்றுக்கொடுக்கிறார்கள்?

முதலில் ஒரு சின்னத் திருத்தம். முழுத் துறவியான பிக்கு ஆவதற்கு 20 வயது நிறைந்திருக்க வேண்டும். இந்தச் சிறுவர்கள் ஆவது சாமணேரர், அதாவது பயிற்சித் துறவி; அங்கே 'நேன்' என்பார்கள். மார்ச் நடுவில் பள்ளி மூடினால் மே நடுவில்தான் திறக்கும். இடையில் பதினைந்து நாளோ ஒரு மாதமோ கோயிலில் இருந்துவிட்டு வீடு திரும்பிவிடுவார்கள். அதனால் 'பையன் சாமியாராப் போயிட்டான்' என்று யாரும் பதற வேண்டியதில்லை.

நான் சியாங்மாயில் வேலை பார்த்தபோது, கூட வேலை செய்த ஓர் அம்மாவின் பதினொரு வயது மகனை இப்படி அனுப்பினார்கள். தத்துவ வகுப்பு நடக்கும் என்று நினைத்துப் போனேன். முதல் மூன்று நாள் வெள்ளை உடையில் பையன்கள் பழகியதெல்லாம் உட்காரவும் நடக்கவும் துணி கட்டவும்தான். சம்மணம் கூடாது, இரண்டு காலையும் ஒரு பக்கமாக மடித்து உட்கார வேண்டும். பத்து நிமிடத்தில் கால் மரத்துப்போய் ஒவ்வொருவனாக நெளிய ஆரம்பிப்பான். காவித்துணி அதைவிடக் கஷ்டம். ஊசியும் இல்லை, பொத்தானும் இல்லை. இரண்டு ஓரத்தையும் சேர்த்துச் சுருட்டி, இடது தோளில் போட்டு, கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். முதல்முறை புடவை கட்டும் பெண்ணின் பாடுதான். இந்தப் பையனுக்கு நாலு எட்டு வைத்தால் நழுவிவிடும். பின்னால் வரும் பெரிய பையன் இழுத்து இழுத்து விடுவான்.

மனப்பாடமும் உண்டு. துறவு கேட்கும் பாலி வாசகம், மும்மணிச் சரணம் (புத்தர், அவர் போதனை, துறவியர் சங்கம் மூன்றிடமும் அடைக்கலம் கேட்பது), பத்துச் சீலம் என்னும் ஒழுக்க விதிகள். 'புத்தங் சரணங் கச்சாமி' என்று அவர்கள் உச்சரிப்பில் கேட்டபோது எனக்கே உடன் சொல்லலாம் போலிருந்தது. பத்தில் பையன்களைப் படுத்துவது ஆறாவது: நண்பகலுக்குப் பிறகு சாப்பாடு கிடையாது. சாயங்காலம் பழச்சாறு வந்தால் வரிசை தானாக நேராகிவிடும். ஏழாவது ஆடல் பாடல் வேடிக்கை கூடாது என்கிறது. அந்தக் கணக்கில் போன் முதல் நாளே போய்விட்டது.

தலை மழிக்கும் அன்று அம்மா தாமரை இலையை ஏந்தி உட்கார்ந்து, விழுகிற முடியை வாங்கிக்கொண்டார். தாய்லாந்தில் புருவத்தையும் எடுத்துவிடுவார்கள். காவி உடுத்தி வந்த மகனை அம்மா விழுந்து கும்பிட்டார். அவன் பழக்கதோஷத்தில் கைகூப்பப் போய், ஞாபகம் வந்து கையை இறக்கிக்கொண்டான். துறவி, இல்லறத்தாரைத் திருப்பிக் கும்பிடக் கூடாது. அன்று முதல் அம்மா அவனைத் தொடவும் கூடாது. மகனின் காவி நுனியைப் பிடித்துக்கொண்டு தாய் சொர்க்கம் போவாள் என்று அங்கே சொல்வார்கள். பாதிப் பையன்கள் வருவதே அந்தப் புண்ணியத்தை அம்மாவுக்குக் கொடுக்கத்தான். 2018இல் வெள்ளம் சூழ்ந்த தாம் லுவாங் குகையிலிருந்து மீட்கப்பட்ட 12 சிறுவர்களில் 11 பேர் சில நாள் சாமணேரராக இருந்ததும் இப்படியொரு கடனுக்காகத்தான்: மீட்புப் பணியில் இறந்த முக்குளிப்பாளர் சமான் குனானின் நினைவாக. மற்றவன் கிறிஸ்தவன்.

பெற்றோர் சம்மதம் இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். புத்தர் தன் மகன் ராகுலனுக்குத் துறவு கொடுத்தபோது, பையனின் தாத்தா சுத்தோதனர் நொந்துபோய்க் கேட்டு வாங்கிய விதி அது. பெண்பிள்ளைகளுக்கு இந்த வழி இல்லை. பெண்களுக்குத் துறவு கொடுக்கக் கூடாதென்ற 1928ஆம் ஆண்டு துறவியர் சங்க ஆணை இன்னும் நிற்கிறது, வெள்ளை உடுத்தி எட்டுச் சீலம் எடுக்கலாம், அவ்வளவுதான். இது எனக்கு ஒப்பவே இல்லை.

அப்புறம், அனுப்புவதென்றால் எத்தனை பையன்களுக்கு எத்தனை பிக்குகள் என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். நான் பார்த்த இன்னொரு கோயிலில் கூட்டம் தாங்காமல் குளிப்பதற்கே அடிதடி.

நம்ம பையன் ஏப்ரல் கடைசியில் வீடு வந்தான். மே மாதம் பள்ளி திறந்தபோது புருவம் பாதிதான் முளைத்திருந்தது. வகுப்பில் அவனைப் போல இன்னும் ஐந்து பேராம்.