ரோபோ சிறுநீரக அறுவை சிகிச்சைக்கு முன் மறுபடியும் சி.டி. ஸ்கேன் எதற்கு?

வணக்கம். பெரம்பூரில் இருக்கும் உங்கள் தந்தையின் சிறுநீரகக் கட்டியை ரோபோ உதவியுடன் அகற்றவிருக்கையில், நான்கு மாதங்களுக்கு முன் எடுத்த சி.டி. ஸ்கேன் இருந்தும் மீண்டும் எடுக்கச் சொல்வது வீண்செலவோ என்று கேட்டிருந்தீர்கள். சென்னையில் ஸ்கேன் மையமொன்றில் பணியாற்றுபவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ரோபோவின் கேமராவில் இரண்டு கண்கள் உண்டு. ஆகவே மருத்துவர் முப்பரிமாணத்தில், பெரிதாக்கியும் பார்க்கிறார். ஆனால் அது காட்டுவது உறுப்பின் மேற்பரப்பை மட்டுமே. கட்டி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களான தமனிகள் எத்தனை என்பவற்றை சி.டி.தான் முன்கூட்டியே சொல்லும். ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் கூடுதல் தமனி இருக்கும். கட்டியை வெட்டும்போது ரத்த ஓட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்துவார்கள் என்பதால், அந்தக் கூடுதல் தமனியைக் கவனிக்காமல் விட்டால் ரத்தம் பெருகும். பழைய ஸ்கேன், ரத்தக் குழாய்களைப் படத்தில் எடுத்துக்காட்டும் மருந்தை ஊசிவழி செலுத்தாமல் எடுத்ததாக இருந்தால், இது தெளிவாகத் தெரியாது.

பெரிய உறையில் ஃபிலிமை மட்டும் எடுத்து வருபவர்களைத் தினமும் பார்க்கிறேன். முப்பரிமாண உருவம் அமைக்க ஃபிலிம் உதவாது. பழைய ஸ்கேனின் குறுந்தகட்டையும் கேட்டு வாங்கி மருத்துவரிடம் காட்டுங்கள். அதில் தமனிக் கட்டப் படங்கள், அதாவது அந்த மருந்து தமனிகளில் நிறைந்திருக்கும் நேரத்தில் எடுத்தவை, மெல்லிய அடுக்குகளாக இருந்தால், புதிய ஸ்கேன் அவசியமா என்று அவரே முடிவு செய்வார்.

மீண்டும் எடுப்பதானால், தந்தைக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்த அளவையும், மெட்ஃபார்மின் என்னும் சர்க்கரை நோய் மாத்திரையை அவர் எடுத்தால் அதையும் பற்றி முன்பே தெரிவித்துவிடுங்கள். அறுவையின்போது ரத்த ஓட்டத்தைக் கேமராவில் பார்ப்பதற்காகச் செலுத்தக்கூடிய பச்சைச் சாயம் (இண்டோசயனைன் கிரீன்) கல்லீரல் வழியாக வெளியேறுவது. அதனால் சிறுநீரகம் கெடும் என்று அஞ்ச வேண்டாம்.