பெரிய கன்சல்டன்சி வேலைகளை எங்கே தேடுவது?

கேள்வி: கோவையில் 38 பேருடன் கட்டட அமைப்பு வடிவமைப்பும் திட்ட மேலாண்மையும் செய்துவருகிறோம். ஆண்டு டர்ன்ஓவர் 6 கோடி. இதுவரை வாங்கியதில் பெரிய வேலையின் கட்டணம் 48 லட்சம். தினமும் டெண்டர் தளங்களைப் பார்க்கிறோம். 2 கோடி, 3 கோடி கட்டணம் உள்ள பிஎம்சி (திட்ட மேலாண்மை கன்சல்டன்சி) வேலை கண்ணில் பட்டால், ஒன்று நமக்குத் தகுதி இருக்காது; இல்லையென்றால் கடைசித் தேதிக்குப் பத்து நாள்தான் இருக்கும். பெரிய வேலைகளை எங்கே, எப்படிப் பிடிப்பது?

பதில்: டெண்டர் தளத்தில் வரும் அறிவிப்பு அந்த வேலையின் கடைசிக் கட்டம். அதற்கு ஓராண்டு முன்பே அந்த வேலை அரசு ஆவணங்களில் வேறு பெயரில் இருக்கிறது. அங்கே பார்க்கப் பழகினால் "பத்து நாள்தான் இருக்கிறது" என்ற பிரச்சினை பெரும்பாலும் தீரும். தகுதிப் பிரச்சினை வேறு. அதற்குக் கணக்குப் போட வேண்டும். முதலில் அந்தக் கணக்கைப் பார்த்துவிடுவோம். உங்கள் பூட்டு எது என்று தெரியாமல் சாவி தேட முடியாது.

மத்திய கண்காணிப்பு ஆணையம் 2002 டிசம்பரில் கட்டுமானப் பணிகளுக்காகச் சொன்ன அளவுகோலைத்தான் பல துறைகள் கன்சல்டன்சிக்கும் எடுத்துக்கொள்கின்றன. மூன்று ஆண்டுச் சராசரி டர்ன்ஓவர், டெண்டர் விடும் வேலையின் மதிப்பீட்டில் 30 சதவீதம் இருக்க வேண்டும். அதே மாதிரியான முடித்த வேலைகள் மூன்று என்றால் ஒவ்வொன்றும் 40 சதவீதம், இரண்டு என்றால் 50 சதவீதம், ஒன்று என்றால் 80 சதவீதம். கட்டணம் 2 கோடி உள்ள வேலைக்கு உங்களிடம் கேட்கப்படும் டர்ன்ஓவர் 60 லட்சம். உங்களிடம் 6 கோடி இருக்கிறது. மாட்டிக்கொள்வது அனுபவத்தில். 80 லட்சத்தில் மூன்றோ, 1 கோடியில் இரண்டோ, 1.6 கோடியில் ஒன்றோ வேண்டும். உங்கள் உச்சம் 48 லட்சம்.

அந்த 48 லட்சத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அப்படி ஒரு வேலை மட்டும் இருந்தால் 60 லட்சம் வரை போகலாம். இரண்டு இருந்தால் 96 லட்சம், மூன்று இருந்தால் 1.2 கோடி. ஆக, தனியாக நீங்கள் துரத்த வேண்டியது இப்போதைக்கு 60 லட்சத்துக்கும் 1.2 கோடிக்கும் இடைப்பட்ட வேலைகளை. அதற்கு மேலே கூட்டாகத்தான். சில துறைகள் இதைவிடக் கடுமையாக டர்ன்ஓவர் கேட்பதும் உண்டு. அந்த டெண்டரைப் படித்த பத்தாவது நிமிடத்தில் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. "அதே மாதிரியான வேலை" என்பதன் அளவு கன்சல்டன்சிக் கட்டணமா, கட்டடத்தின் மதிப்பா என்று டெண்டரில் தெளிவாக இருக்காது. 40 கோடிக் கட்டடத்துக்கு 48 லட்சம் கட்டணம் வாங்கியிருந்தால், கட்டட மதிப்பை வைத்துக் கணக்கிடும் டெண்டரில் உங்கள் நிலையே மாறிவிடும். இந்தக் கேள்வியை ப்ரீ-பிட் கூட்டத்துக்கு (டெண்டர் போடும் முன் சந்தேகம் கேட்கும் கூட்டம்) முன்பே எழுத்தில் அனுப்புங்கள். கூட்டத்தில் வாயால் கேட்டு வாங்கும் பதிலுக்கு மதிப்பில்லை. தளத்தில் ஏறும் திருத்த அறிவிப்புதான் செல்லும்.

அறிவிப்புக்கு முன்னால் பார்க்கும் இடங்கள்

தமிழக அரசு வேலைகளுக்கு மிக நல்ல இடம், துறைகளின் கொள்கை விளக்கக் குறிப்பு. பட்ஜெட்டுக்குப் பிறகு மானியக் கோரிக்கை விவாதத்தின்போது ஒவ்வொரு துறையும் பேரவையில் வைக்கும் இந்தக் குறிப்பு, அரசின் இணையதளத்திலேயே கிடைக்கும். எந்த ஊரில் எத்தனை கோடியில் கல்லூரிக் கட்டடம், மருத்துவமனை, பேருந்து நிலையம் என்று அதில் இருக்கும். அமைச்சர் பேரவையில் படிக்கும் புதிய அறிவிப்புகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு, விரிவான திட்ட அறிக்கைக்கு (டிபிஆர்) ஆள் எடுப்பது, நிர்வாக ஒப்புதலுக்கான அரசாணை, அதன் பிறகு மேற்பார்வைக்கு ஆள் என்ற வரிசையில்தான் பெரும்பாலும் போகும். இந்த நான்கில் ஒவ்வொரு திட்டமும் எந்தப் படியில் நிற்கிறது என்று ஓர் எக்செல் தாளில் மாதம் ஒருமுறை குறித்துவந்தாலே போதும். திட்ட அறிக்கை தயாரித்தவர் பிறகு மேற்பார்வைக்கு வருவதைச் சில அமைப்புகள் நலமுரண் என்று விலக்கும். சிறிய டிபிஆர் வேலையை எடுத்துவிட்டுப் பெரிய பிஎம்சியை இழக்கக் கூடாது, முன்பே படித்துவிடுங்கள்.

உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி கடனில் நடக்கும் திட்டங்கள் இன்னும் வெளிப்படையானவை. அவற்றின் கொள்முதல் திட்டம் பொது ஆவணம். எந்த கன்சல்டன்சி வேலை, உத்தேச மதிப்பு என்ன, தேர்வு முறை என்ன, எந்த மாதம் அறிவிப்பு என்பதெல்லாம் அட்டவணையாகவே இருக்கும். தேதிகள் தள்ளிப்போகும், ஆனால் வேலை அப்படியே நிற்கும்.

மூன்றாவது இடத்தைப் பெரும்பாலானோர் தொடுவதே இல்லை: முடிந்த டெண்டர்கள். தமிழ்நாடு டெண்டர் தளத்திலும் மத்தியக் கொள்முதல் தளத்திலும் தீர்வான டெண்டர்களின் விவரத்தைத் தேடலாம். யாருக்கு, எத்தனை ரூபாய்க்கு வேலை போனது என்று அங்கே தெரியும். உங்கள் துறையில் கடந்த மூன்று ஆண்டுத் தீர்வுகளைப் பட்டியல் போடுங்கள். அதிலிருந்து மூன்று விஷயங்கள் கிடைக்கும். சந்தையில் கட்டணம் உண்மையில் எவ்வளவு போகிறது. எந்த நிறுவனங்கள் திரும்பத் திரும்ப ஜெயிக்கின்றன, அதாவது நீங்கள் கூட்டுச் சேரக் கதவு தட்ட வேண்டியவர்கள் யார். 24 மாதம், 36 மாதம் என்று கொடுத்த ஒப்பந்தங்கள் எப்போது முடிகின்றன. தொடர் வேலை என்றால், முடியும் தேதிக்கு ஆறு மாதம் முன்பே அந்த அலுவலகத்தில் அடுத்த டெண்டர் பேச்சு ஆரம்பித்திருக்கும்.

தினசரித் தேடலை நிறுத்தச் சொல்லவில்லை. தேடும் சொல்லை மாற்றுங்கள். "கன்சல்டன்சி" என்று மட்டும் தேடினால் பாதி தப்பிவிடும். பிஎம்சி, டிபிஆர், மூன்றாம் தரப்பு ஆய்வு, ப்ரூஃப் செக்கிங் (மற்றவர் வடிவமைப்பைச் சரிபார்ப்பது), இண்டிபெண்டன்ட் இன்ஜினியர், எம்பேனல்மென்ட் (துறையின் பட்டியலில் சேர்வது) ஆகியவற்றையும் ஆங்கிலத்தில் தட்டித் தேடுங்கள். கடைசிச் சொல் முக்கியம். பட்டியலில் சேர்ந்தவர்களிடம் மட்டும் விலை கேட்கும் அமைப்புகள் இருக்கின்றன. அந்த வேலைகள் பொதுத் தளத்துக்கு வருவதே இல்லை.

மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இன்படி, குறிப்பிட்ட வரம்புக்கு மேற்பட்ட கன்சல்டன்சிக்கு விருப்ப அறிவிப்பை (ஆர்வமுள்ள நிறுவனங்களை அழைக்கும் அறிவிப்பு) மத்தியக் கொள்முதல் தளத்திலும் அரசின் மின்சந்தையான ஜெம் தளத்திலும் வெளியிட வேண்டும். குறும்பட்டியலில் குறைந்தது மூவர் இருக்க வேண்டும். இந்த விருப்ப அறிவிப்புக் கட்டத்தில்தான் சிறிய நிறுவனம் உள்ளே நுழைய முடியும். உலக வங்கி வேலைகளில் இந்தக் கட்டத்தில் முக்கிய நிபுணர்களை மதிப்பிடுவதில்லை என்று அறிவிப்பிலேயே போட்டிருக்கும். அப்படியிருந்தும் பலர் இருபது பயோடேட்டாவைக் கட்டி அனுப்புகிறார்கள். அதற்குப் பதிலாக ஒத்த வேலை ஐந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே பக்கம்: இடம், கட்டட மதிப்பு, உங்கள் கட்டணம், தேதிகள், நீங்கள் உண்மையில் செய்தது. அவ்வளவு போதும்.

கூட்டா, துணையா?

பெரிய நிறுவனத்தோடு சேரும்போது கூட்டு முயற்சியா, துணை கன்சல்டன்டா என்பதில் அலட்சியம் வேண்டாம். கூட்டாளி என்றால் முழு ஒப்பந்தத்துக்கும் சட்டப்படி சேர்ந்து பொறுப்பு. மற்றவர் ஓடிப்போனாலும் நீங்கள் நிற்க வேண்டும். துணை என்றால் அந்தப் பொறுப்பு இல்லை, ஆனால் அனுபவம் உங்கள் கணக்கில் ஏறுவது கடினம். பெரிய நிறுவனம் தன் லெட்டர்பேடில் தரும் சான்றை அடுத்த டெண்டரில் தள்ளிவிடுவார்கள். வேலை கொடுத்த துறை உங்களைத் துணை கன்சல்டன்டாக எழுத்தில் ஏற்ற கடிதம் வேண்டும்.

எங்கள் கருத்தில், உங்கள் நிலையில் கூட்டுதான் சரி. 3 கோடி வேலையில் 30 சதவீதப் பங்கு எடுத்தால் 90 லட்சம் அனுபவம் கிடைக்கும். 48-லிருந்து 90-க்கு ஒரே தாவல். அந்தப் பங்கு கூட்டு ஒப்பந்தத்தில் சதவீதத்தோடு இருக்க வேண்டும். முடிவில் துறை தரும் சான்றிலும் அதே சதவீதம் வர வேண்டும். இதைக் கேட்காமல் விட்டவர்கள் மூன்று ஆண்டு உழைத்தும் அடுத்த டெண்டரில் காட்ட எதுவும் இல்லாமல் நிற்கிறார்கள். உங்களால் முடியாத தகுதிக்கு அவர்கள். அவர்களிடம் இல்லாத எதற்கு நீங்கள் என்பதையும் முதல் சந்திப்பிலேயே சொல்லத் தெரிய வேண்டும். கோவை வட்டாரத்தில் தளத்தில் நிற்க ஆள், மண் ஆய்வு அனுபவம், உள்ளூர் அனுமதி நடைமுறை தெரிந்திருப்பது இவையெல்லாம் சென்னை, டெல்லி நிறுவனங்களுக்குத் தேவைப்படுபவை.

மதிப்பெண் எப்படி வேலை செய்கிறது

பெரிய கன்சல்டன்சியில் குறைந்த விலைக்காரர் தானாக ஜெயிப்பதில்லை. தரமும் விலையும் சேர்ந்த தேர்வு முறையில் தரத்துக்கு 70, விலைக்கு 30 என்று வைத்துக்கொள்வோம். 'அ' நிறுவனத்துக்குத் தொழில்நுட்ப மதிப்பெண் 88, விலை 1.50 கோடி. 'ஆ' நிறுவனத்துக்கு 76, விலை 1.10 கோடி. குறைந்த விலைக்கு 100. 'அ'வின் விலை மதிப்பெண் 110-ஐ 150-ஆல் வகுத்து, 73.33. மொத்தம் 'அ' 61.6 கூட்டல் 22, அதாவது 83.6. 'ஆ' 53.2 கூட்டல் 30, 83.2. நாற்பது லட்சம் கூடுதலாகக் கேட்டவர் 0.4 மதிப்பெண்ணில் ஜெயிக்கிறார். அதே எண்கள், 80:20 என்றால் வித்தியாசம் நான்கு மதிப்பெண்ணுக்கு மேல்.

அந்த 88 எங்கிருந்து வருகிறது? உலக வங்கி முறையில் நிறுவனத்தின் அனுபவத்துக்கு அதிகபட்சம் 10. அணுகுமுறைக்கு 20 முதல் 50. முக்கிய நிபுணர்களுக்கு 30 முதல் 60. ஆக மதிப்பெண் ஆட்களிடம்தான். டீம் லீடர் பதவிக்கு 15 ஆண்டு அனுபவம், அதில் 5 ஆண்டு மருத்துவமனைக் கட்டடம் என்று கேட்டால், பயோடேட்டாவில் அந்த 5 ஆண்டு மாதக் கணக்கோடு கூட்டினால் வர வேண்டும். ஒரே காலத்தில் இரண்டு வேலை காட்டியிருந்தால் மதிப்பீட்டாளர் ஒன்றைத்தான் எண்ணுவார். ஒரே நிபுணர் இரண்டு போட்டியாளர்களின் விண்ணப்பத்தில் இருந்தால் டெண்டர் விதியைப் பொறுத்து இரண்டுமே அடிபடலாம். பிரத்தியேக ஒப்புதல் கடிதம் வாங்கிவிடுங்கள்.

தனியார் வேலைகள்

இங்கே டெண்டரே இருக்காது, தடயம்தான் இருக்கும். 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டப்படும் கட்டடங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம். அந்த விண்ணப்பங்கள் மத்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதித் தளமான பரிவேஷில் பொதுவில் உள்ளன. உரிமையாளர் யார், பரப்பு எவ்வளவு, திட்டச் செலவு என்ன என்பதெல்லாம் படிக்கலாம். அந்தக் கட்டத்தில் ஆர்க்கிடெக்ட் வந்திருப்பார். பிஎம்சி பெரும்பாலும் முடிவாகியிருக்காது.

இன்னொரு சுரங்கம் கடன் தரமதிப்பீட்டு நிறுவனங்களின் விளக்க அறிக்கை. கிரிசில், இக்ரா, கேர் ஆகியவற்றின் தளங்களில் இலவசமாகக் கிடைக்கும். திருப்பூர் நூற்பாலையோ ஓசூர் உதிரிபாகத் தொழிற்சாலையோ, புதிய யூனிட்டுக்கு எத்தனை கோடி, வங்கிக் கடன் உறுதியாகிவிட்டதா, உற்பத்தி எப்போது தொடங்கும் என்று அதில் இருக்கும். பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்றால் உற்பத்தித்திறன் விரிவாக்கத்தைப் பங்குச் சந்தைக்கும் தெரிவித்திருக்கும். கடன் உறுதியாகி, வேலை தொடங்காத இடைவெளிதான் நீங்கள் பேச வேண்டிய நேரம். பெரிய தனியார் நிறுவனங்கள் ஐஎஸ்ஓ 9001 சான்றும் தொழில்முறை இழப்பீட்டுக் காப்பீடும் கேட்கும். காப்பீடு இல்லாமல் அவர்களின் வெண்டர் பதிவே நகராது.

கையில் தயாராக இருக்க வேண்டியவை

உத்யம் (குறு, சிறு, நடுத்தர நிறுவனப்) பதிவு, கிளாஸ் 3 டிஜிட்டல் கையொப்பம், யுடிஐஎன் (சான்றின் தனி அடையாள) எண்ணோடு ஆடிட்டர் தந்த டர்ன்ஓவர் சான்று, ஒவ்வொரு பழைய வேலைக்கும் பணி நிறைவுச் சான்று. தனியார் வேலையை அனுபவமாகக் காட்டினால் டிடிஎஸ் சான்றும் கேட்பார்கள். உங்கள் டர்ன்ஓவருக்கு உத்யமில் குறு நிறுவனமாகவே வருவீர்கள். மத்திய அரசு டெண்டரில் ஈஎம்டி (டெண்டர் முன்வைப்புத் தொகை) விலக்கு கிடைக்கும். மாநில டெண்டரில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். நிறைவுச் சான்றில் கட்டட மதிப்பு, கட்டணம், தொடங்கிய, முடிந்த தேதி இந்த நான்கும் இல்லாவிட்டால் இப்போதே போய்த் திருத்தி வாங்குங்கள். அந்தப் பொறியாளர் மாற்றலாகிப் போன பிறகு கிடைப்பது கடினம்.

விலை போடும் முன் பணப்புழக்கத்தைப் பாருங்கள். 2 கோடி, 24 மாதம் என்றால் மாதம் 8.3 லட்சம் வருவதுபோலத் தோன்றும். ஆனால் முதல் பில், ஆரம்ப அறிக்கை ஏற்கப்பட்ட பிறகுதான். தளத்தில் 9 பேர், தலைக்கு 60,000 என்றால் மாதம் 5.4 லட்சம், நான்கு மாதம் கையிலிருந்து போட 21.6 லட்சம் வேண்டும். 5 சதவீத செயல்பாட்டு உத்தரவாதம் என்றால் 10 லட்சத்துக்கு வங்கி உத்தரவாதம் தனி.

பிஎம்சி நிறுவனங்களைச் சாய்ப்பது பெரும்பாலும் தாமதம். மொத்தத் தொகை ஒப்பந்தத்தில் காண்ட்ராக்டர் பத்து மாதம் இழுத்தால், உங்கள் 9 பேரும் அந்தப் பத்து மாதமும் தளத்தில் நிற்பார்கள்; சம்பளம் மட்டும் 54 லட்சம். காலம் நீண்டால் ஆள்-மாத விகிதத்தில் கூடுதல் கட்டணம் உண்டா, அந்த விகிதம் விலைப் படிவத்தில் எந்த வரியில் வரும் என்பதை ப்ரீ-பிட் கேள்விகளில் முதலாவதாகக் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், அந்தப் பத்து மாதத்தையும் விலையில் ஏற்றுங்கள். ஏற்றினால் ஜெயிக்க முடியாது என்று தோன்றினால் அந்த டெண்டரை விட்டுவிட்டு உங்கள் எக்செல் தாளில் அடுத்த வரிக்குப் போங்கள்.