கிங்பின் பூட்டியதா என்று யார் பார்த்திருக்க வேண்டும்?

கேள்வி: சொந்த ஊர் நாமக்கல் பக்கம். பதினோரு ஆண்டுகளாக நவி மும்பை கலம்போலியில் தங்கி, நவசேவா துறைமுகத்துக்குக் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறேன். பத்தொன்பது நாள்களுக்கு முன், இரவு இரண்டு மணிக்கு, யார்டில் ஹார்ஸ் வண்டியை (டிரெய்லரை இழுக்கும் முன் வண்டி) பின்னால் விட்டு ஒரு டிரெய்லரை மாட்டினேன். ‘டக்’ என்று பூட்டு விழும் சத்தம் கேட்டது. காற்றுக் குழாய்களையும் வயரையும் இணைத்துக்கொண்டு புறப்பட்டேன். உரண் சாலைத் திருப்பத்தில் டிரெய்லர் கழன்று தரையில் குத்தியது. பக்கத்தில் வந்த மோட்டார் சைக்கிள்காரருக்குத் தொடை எலும்பு முறிந்தது. பிஃப்த் வீல் (ஹார்ஸின் மேல் டிரெய்லரைத் தாங்கிப் பூட்டும் இரும்புத் தட்டு) பூட்டு தேய்ந்திருக்கிறது என்று நான்கு நாள்களுக்கு முன்பே முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தேன். ‘இந்த டிரிப்பை முடி, பிறகு பார்க்கலாம்’ என்றார். இப்போது கிரேன், பழுது, சரக்குச் சேதம் எல்லாம் சேர்த்து 4,20,000 ரூபாய் நான்தான் தர வேண்டுமாம். சம்பளத்தை நிறுத்திவிட்டார். 500 ரூபாய் வெற்று முத்திரைத்தாளிலும் தொகை எழுதாத இரண்டு காசோலைகளிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அசல் லைசென்சும் அவரிடம்தான். போலீஸார் மராத்தியில் எழுதிய ஒரு தாளிலும் கையெழுத்திட்டேன். என்ன செய்வது?

பதில்: சிறைக்குப் போய்விடுவோமோ என்ற பயத்தை முதலில் தள்ளி வையுங்கள். எலும்பு முறிவு சட்டத்தின் கண்ணில் கொடுங்காயம். ஆகவே பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 281, 125(பி) பிரிவுகளில்தான் வழக்கு இருக்கும். அதிகபட்சம் மூன்றாண்டு சிறை, 10,000 ரூபாய் அபராதம். இரண்டுமே ஜாமீனில் விடக்கூடிய குற்றங்கள். அந்த மோட்டார் சைக்கிள்காரர் இறந்திருந்தால் 106(1) பிரிவு வந்திருக்கும், ஐந்தாண்டு வரை போயிருக்கும். ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: இவ்வளவு நீளக் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது.

மராத்தித் தாள் எது என்று தெரியாமல் கவலைப்படாதீர்கள். போலீஸாரிடம் சொன்ன ஒப்புதல் எதுவும் உங்களுக்கு எதிரான சான்றாகாது. முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கி, மராத்தி தெரிந்தவர் ஒருவரை வரிக்கு வரி படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இனி அந்தக் குரல் பதிவு. அது உங்களைக் காப்பாற்றும் துருப்புச்சீட்டு என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். அது இரு பக்கமும் வெட்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவு, குறைபாடுள்ள வண்டியையோ டிரெய்லரையோ ஓட்டுபவரை மட்டும் பிடிப்பதில்லை. ஓட்டச் செய்பவரையும், ஓட்ட அனுமதிப்பவரையும் பிடிக்கிறது. குறைபாடு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது சாதாரண கவனம் இருந்தால் தெரிந்திருக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதனால் யாருக்காவது காயமோ பொருளுக்குச் சேதமோ நேர்ந்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். முதலாளிக்குத் தெரியும் என்பதற்கு உங்கள் பதிவு சாட்சி. உங்களுக்குத் தெரியும் என்பதற்கும் அதேதான் சாட்சி. ‘தெரிந்தும் ஏன் எடுத்தாய்?’ என்று உங்களைக் கேட்டால், முதலாளி அனுப்பிய பதில் உங்கள் பொறுப்பை முழுதாகத் துடைக்காது. ஆனால் பாரத்தில் பெரும்பகுதியை அவர் தோளுக்கு மாற்றும்.

அடுத்தது, ‘டக்’ என்ற சத்தம். நீதிமன்றத்தில் உங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி இதுதான்: டார்ச் எடுத்துக்கொண்டு அடியில் குனிந்து பார்த்தீர்களா? டிரெய்லர் தன் முன்கால்களில் சற்று உயரமாக நின்றால், கிங்பின் (டிரெய்லரின் அடியில் நீண்டு நிற்கும் இரும்பு முளை) பூட்டின் தாடைக்குள் சரியாக இறங்காமல் மேலேயே உட்கார்ந்துவிடும். கேபினில் இருப்பவருக்குச் சத்தமும் கேட்கும், முட்டிய அதிர்வும் தெரியும். குனிந்து பார்த்தால்தான் தட்டுக்கும் டிரெய்லர் அடிப்பலகைக்கும் நடுவே வெளிச்சம் தெரிவதும், தாடை கிங்பின்னின் கழுத்தைச் சுற்றி மூடாமல் இருப்பதும், கைப்பிடி முழுதாக உள்ளே போகாமல் துருத்திக்கொண்டிருப்பதும் கண்ணில் படும். பிறகு முன்கால்களைத் தூக்குவதற்கு முன், டிரெய்லர் பிரேக்கைப் பிடித்த நிலையிலேயே சின்ன கியரில் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். இவ்வளவுக்கும் இரண்டு நிமிடம் ஆகும். சட்டம் சொல்லும் ‘சாதாரண கவனம்’ என்பதற்கு இந்தத் தொழிலில் பொருள் இதுதான். நீங்கள் பார்த்தீர்களா என்று கடிதத்தில் எழுதவில்லை. எழுதாததிலிருந்து ஊகிக்கிறேன், என்னிடம் உண்மையைச் சொல்லலாம், என்னிடம் மட்டும்.

நீங்கள் குனிந்து பார்த்தும் தேய்ந்த பூட்டு ஓட்டத்தில் விட்டுவிட்டது என்றால் கதையே வேறு. அதை உங்கள் வாயும் முதலாளியின் வாயும் தீர்மானிக்கப் போவதில்லை, இரும்புதான் தீர்மானிக்கும். கிங்பின் பூட்டுக்குள் போகவே இல்லை என்றால் தட்டின் முகத்திலும் தாடையின் உதட்டிலும் புதிய உராய்வு இருக்கும். உள்ளே இருந்து நழுவியிருந்தால் தாடையின் தேய்மானமும், உடைந்திருந்தால் புது முறிவும் காட்டிக்கொடுக்கும். மோட்டார் வாகன ஆய்வாளர் 136-வது பிரிவின்படி வண்டியைச் சோதிப்பார். பெரும்பாலும் பிரேக்கைப் பற்றி நான்கு வரி எழுதிவிட்டு முடித்துவிடுவார். பிஃப்த் வீலையும் கிங்பின்னையும் சோதித்து அறிக்கையில் சேர்க்கும்படி விசாரணை அதிகாரிக்கு இன்றே எழுத்தில் கொடுங்கள். சிவப்புக் காற்றுக் குழாய் அறுந்ததும் டிரெய்லரின் பிரேக் தானாகப் பிடித்துச் சாலையில் கோடு இழுத்திருக்கும். அந்தப் புகைப்படமும் கேளுங்கள். பழுது பார்த்த பிறகு எந்த இரும்பும் பேசாது.

பணத்துக்கு வருவோம். இதில் எனக்கு ஐயமே இல்லை: முதலாளி செய்வது சட்டவிரோதம். ஊதியங்கள் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, இழப்பைச் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமானால் அது உங்கள் கவனக்குறைவால் நேரடியாக வந்தது என்று காட்ட வேண்டும். விளக்கம் கேட்க வேண்டும். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து ஒரு மாத ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மொத்தச் சம்பளத்தையும் நிறுத்த அவருக்கு அதிகாரம் இல்லை. வண்டிச் சேதத்துக்கு இன்ஷூரன்சில் கேட்டுக்கொண்டே உங்களிடமும் வசூலித்தால் அதை இரட்டை வசூல் என்று தயங்காமல் சொல்வேன்.

காசோலைதான் ஆபத்து. தொகை எழுதாத காசோலையில் நீங்களே கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தால், அது கடனுக்காகத் தரப்பட்டது என்றே முதலில் கருதப்படும்; உச்ச நீதிமன்றமும் 2019-ல் அப்படியே தீர்த்திருக்கிறது. எனவே காத்திருக்காதீர்கள். எந்தச் சூழலில், எந்த நாளில் வாங்கப்பட்டன, கடன் எதுவும் இல்லை என்று காசோலை எண்களோடு பதிவுத் தபாலில் எழுதுங்கள். நகலை வங்கிக்கும் கொடுங்கள். பிறகு காசோலை திரும்பியது என்று மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு நோட்டீஸ் வந்தால் பதினைந்து நாளுக்குள் பதில் போக வேண்டும். லைசென்ஸ் தொலைந்துவிட்டது என்று பொய்ப் புகார் கொடுத்து நகல் எடுத்துவிடு என்று நண்பர்கள் சொல்வார்கள். வேண்டாம். அதே கடிதத்தில் திருப்பிக் கேளுங்கள், தராவிட்டால் போலீசில் புகார் கொடுங்கள்.

காயமடைந்தவர் ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போவார். எதிர்மனுதாரர் வரிசையில் உங்கள் பெயரும் இருக்கும். பணம் கட்ட வேண்டியது இன்ஷூரன்ஸ் கம்பெனி, அடுத்து முதலாளி. ஹார்ஸ், டிரெய்லர் இரண்டின் எண்ணும் பாலிசியில் இருக்கிறதா, டிரெய்லருக்குத் தகுதிச் சான்று இருந்ததா, உங்கள் கனரக லைசென்ஸ் அன்று செல்லுபடியாக இருந்ததா என்று கம்பெனி துருவும். ‘குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடு, ஒரே நாளில் முடிந்துவிடும்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அந்த ஒப்புதல் அந்தத் தீர்ப்பாயத்திலும் வந்து நிற்கும்.

குரல் பதிவைத் தனியாக அனுப்பிப் பயனில்லை. அந்தச் செல்பேசியையே பத்திரமாக வையுங்கள். மின்னணுப் பதிவுக்குப் பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழ் வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். யார்டு கேமராவில் நீங்கள் டார்ச்சோடு குனிந்ததோ குனியாததோ பதிவாகியிருக்கும். அப்படிப்பட்ட பதிவுகள் சில வாரங்களில் அழிந்து புதியவை எழுதப்படும். பத்தொன்பது நாள் ஓடிவிட்டது. அதைப் பாதுகாக்கச் சொல்லும் கடிதத்தை நாளைக் காலையே யார்டு மேலாளருக்கும் விசாரணை அதிகாரிக்கும் கொடுத்துவிட்டு, ஒப்புகைச் சீட்டுடன் என்னை வந்து பாருங்கள்.