நான்கு சதவீதம் கேட்கும் ஆலோசகரிடம் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: போர்ச்சுகலில் ஒரு பல்கலைக்கழக நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் இளநிலைக் குழுத்தலைவராக இருக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆராய்ச்சி நிதித் திட்டமான ஹொரைசான் யூரோப்பின் சுகாதார அழைப்பு ஒன்றுக்காக ஜெர்மன் பேராசிரியர் ஒருவர் திரட்டும் கூட்டமைப்பில் எங்களையும் சேரச் சொல்கிறார். மருந்துக்கு மசியாத பாக்டீரியா பற்றிய திட்டம். நோயாளிகளைச் சேர்க்கும் ஆய்வும் உண்டு. இதற்கிடையே ஓர் ஆலோசனை நிறுவனம் 6,000 யூரோ முன்பணமும், நிதி கிடைத்தால் 4 சதவீதமும் கேட்கிறது. எல்லாவற்றையும் திட்டச் செலவில் எழுதிக்கொள்ளலாமாம். உண்மையா? சென்னையில் நான் முன்பு வேலை பார்த்த ஆய்வகத்தையும் சேர்த்து அவர்களுக்கும் நிதி வாங்கித் தர முடியுமா?

பதில்: எழுதிக்கொள்ள முடியாது. கையெழுத்தும் போடாதீர்கள்.

திட்டம் தொடங்கும் தேதிக்குப் பிறகு, திட்ட வேலைக்காக ஆன செலவுதான் ஏற்கப்படும். விண்ணப்பம் எழுதிய கூலி அதற்கு முந்தையது. நிதி கிடைத்தால் கேட்கும் 4 சதவீதம், அதாவது வெற்றிக் கட்டணம், எந்த வேலைக்கும் கூலியே இல்லை. "மேலாண்மைச் செலவு என்று போட்டுவிடலாம்" என்று அடுத்து சொல்வார்கள். அது பொய்க் கணக்கு. இறுதித் தவணை வந்து 2 ஆண்டு வரை தணிக்கை வரலாம், ஆவணங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அப்போது பணத்தைத் திருப்பிக் கட்டுவது உங்கள் பல்கலைக்கழகம். ஆலோசகரின் பெயர் மானிய ஒப்பந்தத்தில் எங்குமே இருக்காது.

உங்கள் பங்கை ஒரு மாதிரிக்குப் போட்டுப் பார்ப்போம். முதுமுனைவர் ஆய்வாளர் ஒருவருக்கு மாதம் 4,500 யூரோ வீதம் 36 மாதம்: 1,62,000. வேதிப்பொருள், தட்டு, கிட் வகையில் 60,000. கருவித் தேய்மானம் 20,000, பயணம் 8,000. நேரடிச் செலவு 2,50,000. இதன் மேல் மறைமுகச் செலவு என்று 25 சதவீதம், அதாவது 62,500, பில் காட்டாமலே வரும். மரபணு வரிசைப்படுத்தலை வெளி நிறுவனத்திடம் 40,000-க்குத் துணை ஒப்பந்தமாகக் கொடுத்தால் அந்தத் தொகைக்கு 25 சதவீதம் கிடையாது. இங்கே கோட்டை விடுகிறவர்கள் ஏராளம். மொத்தம் 3,52,500 யூரோ. இதில் 4 சதவீதம் 14,100.

இந்த 14,100 எங்கிருந்து வரும்? பல்கலைக்கழகத்தின் சொந்தப் பணத்திலிருந்து மட்டுமே வரலாம். மறைமுகச் செலவுக்கான 62,500-ஐ என்ன செய்வது என்று முடிவெடுப்பது நிதி அலுவலகம், நீங்கள் அல்ல. ஒப்பந்தத்தில் 4 சதவீதம் எதன் மேல் என்றும் பாருங்கள். "மானியத் தொகையின் மேல்" என்று மட்டும் இருந்தால், 60 லட்சம் யூரோ கூட்டமைப்பில் அது 2,40,000 ஆகிவிடும்.

பங்காளியாகச் சேரும் ஆய்வகத்துக்கு ஆலோசகரே தேவையில்லை. விண்ணப்பத்தின் பெரும்பாரம் ஒருங்கிணைப்பாளர், அதாவது அந்த ஜெர்மன் பேராசிரியர், தலையில்தான். நீங்கள் தரவேண்டியவை: உங்கள் வேலைத் தொகுப்பின் (திட்ட வேலையைப் பிரித்ததில் உங்கள் பகுதியின்) ஒன்றிரண்டு பக்கம், யார் எத்தனை மாதம் உழைப்பார் என்ற ஆள்-மாதக் கணக்கு, செலவு வரிகள், நெறிமுறைக் கேள்விகளுக்கு விடை. விண்ணப்பிக்கும் நிறுவனத்தின் அடையாள எண்ணான ஒன்பது இலக்க பிஐசி எண் வாங்கித் தருகிறோம் என்றும் காசு கேட்பார்கள். அது இலவசம். உங்கள் பல்கலைக்கழகத்துக்கு நிச்சயம் ஏற்கெனவே இருக்கும். புதிதாகப் பதிந்தால் இரண்டு எண்ணாகி, சரிபார்ப்பில் மாட்டிக்கொள்ளும். "உங்கள் பிஐசி காலாவதியாகிறது, கட்டணம் செலுத்துங்கள்" என்று அஞ்சல் வந்தால் அழித்துவிடுங்கள். "பிரஸ்ஸல்ஸில் எங்களுக்கு ஆள் இருக்கிறது" என்பவரைவிட ஆபத்தானவர் இல்லை. மதிப்பிடுவது வெளியிலிருந்து வரும் நிபுணர்கள். அவர்களை யாராவது அணுகியது தெரிந்தால் கூட்டமைப்பு முழுவதும் அடிபடும். சந்தேகம் கேட்க ஒவ்வொரு நாட்டிலும் தேசியத் தொடர்பாளர்கள் உண்டு. போர்ச்சுகலில் பெரின் என்ற அமைப்பின் கீழ் இருக்கிறார்கள். காசு வாங்கமாட்டார்கள்.

ஆலோசனை நிறுவனமே பங்காளியாகச் சேர்ந்து, ஆட்களைப் போட்டு, திட்ட மேலாண்மையைப் பார்ப்பது வேறு. அது முறையானதே. ஆனால் அதை ஒருங்கிணைப்பாளர் முடிவு செய்யவேண்டும், உங்களிடம் முன்பணம் கேட்க அவர்களுக்கு வேலையில்லை.

ஆலோசகரோடு மல்லுக்கட்டும் நேரத்தை வேலைத் தொகுப்பு அட்டவணைக்குக் கொடுங்கள். சுகாதார அழைப்புகளில் பல இப்போது மொத்தத் தொகை முறைக்கு, அதாவது லம்ப்சம்முக்கு, மாறிவிட்டன. பில் காட்ட வேண்டாம், நாள் கணக்கு எழுத வேண்டாம். கணக்கே கேட்கமாட்டார்கள், நம் கட்டணத்தை உள்ளே ஒளித்துவிடலாம் என்று இதையும் சாக்காக்குவார்கள். விண்ணப்பத்தோடு கொடுக்கும் செலவு அட்டவணையை வரிவரியாக மதிப்பீட்டாளர்கள் பார்ப்பார்கள். ஏற்கத்தக்க செலவுகளே அதில் உள்ளன என்று நீங்கள்தான் உறுதி தருகிறீர்கள்.

லம்ப்சம்மில் வேலைத் தொகுப்பு முழுதாக முடிந்தால்தான் அதற்குரிய தவணை. அதில் மூன்று பங்காளிகள் இருந்து ஒருவர் முடிக்காவிட்டால், முடித்த இருவருக்கும் அந்தத் தவணை நிற்கும். நோயாளி ஆய்வில்தான் இது கழுத்தைப் பிடிக்கும். ஐந்து நாட்டில் நெறிமுறைக் குழு அனுமதி ஒரே நாளில் வராது. "400 நோயாளிகளைச் சேர்த்து மாதிரி எடுத்து ஆராய்தல்" என்று 1 முதல் 40-வது மாதம் வரை நீளும் ஒரே தொகுப்பாக எழுதினால், 18-வது மாத அறிக்கையில் அதற்கு ஒரு காசும் வராது. மூன்றாக வெட்டுங்கள்: ஆய்வின் செய்முறை ஆவணம், அனுமதிகள், தரவுத்தளம் ஆகியவை 18-வது மாதத்துக்குள் முடியும் ஒரு தொகுப்பு, நோயாளிச் சேர்க்கை இன்னொன்று, ஆய்வகப் பகுப்பாய்வு மூன்றாவது. மருந்து பலிக்கவில்லை என்பதற்காகப் பணம் நிற்காது. சொன்ன வேலையைச் செய்தீர்களா என்பதே கேள்வி. எளிமைப்படுத்தல் என்று இதற்குப் பெயர் சூட்டியவர்கள் ஒரு மருத்துவமனை நெறிமுறைக் குழுவின் முன் காத்திருந்து பார்த்திருக்க வேண்டும்.

மானியத்தின் முன்பணம் ஒருங்கிணைப்பாளர் கணக்குக்குத்தான் வரும். மொத்த மானியத்தில் பொதுவாக 5 சதவீதத்தைப் பரஸ்பரக் காப்பீட்டுக்கென்று (யாராவது பணத்தைத் திருப்பிக் கட்டாமல் போனால் ஈடுகட்ட) முதலிலேயே பிடித்துவைத்து, கடைசியில் தருவார்கள். உங்கள் பங்கு எத்தனை நாளில் கைமாறும் என்பதைக் கூட்டமைப்பு ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பெரும்பாலோர் டெஸ்கா என்ற மாதிரி ஒப்பந்தத்தை வைத்துத்தான் எழுதுகிறார்கள். அதில் பணப்பகிர்வுப் பகுதியை மட்டுமாவது வக்கீலிடம் காட்டுங்கள்.

இனி சென்னை. சேர்க்கலாம், ஆனால் தானாகப் பணம் கிடைக்காது. இதில்தான் குழப்பம் அதிகம். ஏழை, நடுத்தர வருமான நாடுகள் பலவற்றுக்கு ஹொரைசான் யூரோப் நேரடியாகவே நிதி தருகிறது. இலங்கை, நேபாளம், வங்கதேசம் அந்தப் பட்டியலில் உண்டு. இந்தியாவும் சீனாவும் இல்லை. பணக்கார அமெரிக்காவுக்கோ, அவர்கள் தேசிய சுகாதார நிறுவன நிதியை ஐரோப்பியருக்குத் திறந்திருப்பதைச் சொல்லி, 2021 முதல் வந்த சுகாதார அழைப்புகளில் நிதி கொடுத்தார்கள். நியாயம் கேட்காதீர்கள், உங்கள் அழைப்பின் வாசகத்தைப் படியுங்கள். அதில் இந்தியாவுக்கு நிதி உண்டு என்று வெளிப்படையாக இருந்தால் உண்டு. இல்லாவிட்டால் அந்த ஆய்வகம் இல்லாமல் திட்டமே நடக்காது என்று நிரூபிக்க வேண்டும். மதிப்பீட்டாளர்கள் இதை லேசில் ஏற்கமாட்டார்கள். இன்ஃப்ளுயன்சா தடுப்பூசிக்காக ஐரோப்பிய ஒன்றியமும் இந்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் ஆளுக்கு 1.5 கோடி யூரோ போட்ட கூட்டு அழைப்பு 2018-இல் அறிவிக்கப்பட்டது. அந்த மாதிரி அழைப்பில் இந்தியத் தரப்புக்கு இந்தியாவே கொடுக்கும்.

எஞ்சியது இணைப்புப் பங்காளி என்ற இடம். வேலை செய்யலாம், கட்டுரையில் பெயர் வரும், செலவு அவர்களுடையது. கூட்டமைப்பில் குறைந்தபட்சம் மூன்று நாட்டு நிறுவனங்கள் இருக்கவேண்டும் என்ற கணக்கில் அவர்கள் வரமாட்டார்கள். "துணை ஒப்பந்தமாகக் கொடுத்துவிடலாமே" என்று ஆலோசகர் சொன்னால், விலை ஒப்பிட்டு வாங்கும் வழக்கமான சேவைக்குத்தான் அது பொருந்தும். திட்டத்தின் மைய ஆராய்ச்சியை அப்படி வெளியே தள்ள முடியாது. இந்திய நோயாளிகள் சம்பந்தப்பட்ட பன்னாட்டு ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) வழியாகச் சுகாதார அமைச்சகத் தேர்வுக் குழுவின் அனுமதியும் வேண்டும். அதற்கான மாதங்களையும் அட்டவணையில் போடுங்கள்.

கடைசித் தேதியில் 17:00 மணி என்றிருப்பது பிரஸ்ஸல்ஸ் நேரம். லிஸ்பனில் அப்போது 16:00. ஜெர்மன் பேராசிரியருக்கு இந்தக் குழப்பமில்லை. உங்கள் நிதி அலுவலகத்துக்கு உண்டு. கெடுவுக்கு முன் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி ஏற்றலாம், கடைசியாக ஏற்றியதே எடுத்துக்கொள்ளப்படும். ஆகவே உங்கள் பகுதி எண்களை அவரிடம் ஒரு வாரம் முன்பே கொடுத்து, இரண்டு நாள் முன்பே ஒரு வடிவத்தை ஏற்றச் சொல்லுங்கள்.