இங்கிலாந்தில் யூனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் தரும் உதவிப்பணம்) எடுப்பவருக்கு இறுதிச்சடங்குச் செலவுக்கு அரசாங்கம் காசு தருமா?

தரும். ஆனால் ஃபியூனரல் டைரக்டரின் (இறுதிச்சடங்கை நடத்திக்கொடுக்கும் நிறுவனத்தின்) பத்திரத்தில் யார் கையெழுத்துப் போடுகிறார் என்பதை முதலில் கவனியுங்கள். எங்கள் வீடுகளில் இங்கிலிஷ் தெரிந்த, வேலைக்குப் போகிற மருமகன்தான் முன்னுக்கு நின்று கையெழுத்து வைப்பார். பில் அவர் பெயரில் வரும். பிறகு பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியோருக்கான உதவிப்பணம்) எடுக்கிற மாமி விண்ணப்பித்தால், செலவுக்கு நீங்கள் பொறுப்பில்லை என்று மறுத்துவிடுவார்கள்.

இறந்தவர் என்ன உதவி எடுத்தார் என்பது இங்கே கணக்கில்லை. விண்ணப்பிக்கிறவர் யூனிவர்சல் கிரெடிட், பென்ஷன் கிரெடிட், ஹவுசிங் பெனிஃபிட் (வீட்டு வாடகைக்கான உதவி) போன்ற ஒன்றை எடுக்கவேண்டும். கணவனோ மனைவியோ இருந்தால் அவர்தான் விண்ணப்பிக்கவேண்டும். அப்படி யாரும் இல்லாமல் மகன் விண்ணப்பித்தால், உதவி எடுக்காத இன்னொரு பிள்ளை இருப்பதே மறுப்புக்குக் காரணமாகலாம். இறந்தவரோடு தொடர்பே அற்றுப்போன பிள்ளை என்றால் அதை விண்ணப்பத்தில் சொல்லுங்கள், விதிவிலக்கு உண்டு.

தகனக் கட்டணம் அல்லது புதைகுழிக் கட்டணம், மரணச் சான்றிதழ்ச் செலவு எல்லாம் தனியாகக் கிடைக்கும். பெட்டி, வண்டி, டைரக்டரின் கூலி, பூ, ஐயரின் தட்சிணை எல்லாவற்றுக்கும் சேர்த்து உச்சம் 1,000 பவுண்தான். 2020 ஏப்ரலுக்கு முன் அது 700. இறந்தவர் தன் இறுதிச்சடங்குக்கு முன்கூட்டியே காசு கட்டும் ஃபியூனரல் பிளான் எடுத்திருந்தால், அதில் அடங்காத செலவுக்கு 120 பவுண் மட்டும். ஆகவே கைக்காசு போடாமல் முடியாது. இறந்தவரின் வங்கியில் கிடக்கும் காசையும் கழிப்பார்கள், ஆனால் துணைக்கு விட்டுப்போன வீட்டில் கைவைக்கமாட்டார்கள்.

உடலை யாழ்ப்பாணத்துக்கோ திருச்சிக்கோ அனுப்ப ஒரு சதமும் வராது. இங்கே தகனம் செய்து சாம்பலைக் கீரிமலைக்குக் கொண்டுபோகலாம், டிக்கெட் உங்கள் செலவு.

இறுதிச்சடங்கு நடந்து 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்கவேண்டும். யூனிவர்சல் கிரெடிட் முடிவு வரவில்லை என்று காத்திருக்காதீர்கள். தொலைபேசியிலும் செய்யலாம், எஸ்எஃப் 200 படிவத்திலும் செய்யலாம். தகனக் கட்டணமும் டைரக்டரின் கூலியும் பில்லில் பிரிந்து இருக்கட்டும். பில் கட்டாமல் இருந்தால் காசு நேரே டைரக்டருக்குப் போகும். பல டைரக்டர்கள் முற்பணம் கேட்பார்கள், அதனால் இந்த உதவிக்கு விண்ணப்பிக்கும் விஷயத்தை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இறந்தது 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் இங்கிலாந்தில் வேறு நிதி இருக்கிறது, அதற்குப் பெனிஃபிட் நிபந்தனை இல்லை. ஸ்கொட்லாந்தில் திட்டமே வேறு.

ஒன்றுக்குமே வழியில்லை என்றால் 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) இறுதிச்சடங்கை ஏற்பாடு செய்யும். நாளையும் நேரத்தையும் அவர்களே குறிப்பார்கள். அந்த வழி என்றால் எந்த டைரக்டரிடமும் கையெழுத்துப் போடாமல் முதலில் கவுன்சிலுக்கு அழையுங்கள்.