மூட்டு வலிக்கு டாக்டர் எழுதிக் குடுத்த வலி மாத்திரை, நிறுத்துன பிறகு உடம்புல எவ்வளவு நாள் இருக்கும்?

மாத்திரை பேரு சொல்லாம கேட்டிருக்கீங்க. பேரு தெரியாம இதுக்கு யாராலயும் பதில் சொல்ல முடியாதுங்க. வலி மாத்திரைன்னு நாம பொதுவா சொல்றதுல காலைல போட்டா ராத்திரிக்குள்ள ரத்தத்த விட்டுப் போயிடுறதும் இருக்கு, பத்து நாள் வரைக்கும் மிச்சம் நிக்கறதும் இருக்கு. "நிறுத்துன பிறகு"ன்னு கேக்கறதால ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிருக்காங்க, இல்லன்னா டெஸ்ட்ல கிரியேட்டினின் (கிட்னி சரியா வடிகட்டலன்னா ரத்தத்துல ஏறற கழிவு) ஏறியிருக்குன்னு நினைக்கிறேன். எங்க அப்பாவுக்கு ரெண்டும் ஒண்ணா வந்துச்சு, அதனாலதான் எழுதறேன்.

நான் டாக்டர் இல்ல, ஃபார்மசிஸ்ட்டும் இல்ல. "டாக்டர கேளுன்னு சொல்லிட்டு போ, உனக்கு எதுக்கு இந்த வேலை"ன்னு சொல்றவங்க இருப்பாங்க. டாக்டர கண்டிப்பா கேக்கணும். ஆனா கேக்கப் போறப்ப என்ன மாத்திரைன்னு சொல்லத் தெரியணும்ல, அதுக்குத்தான் இது.

முதல்ல கணக்க சொல்லிடறேன். ரத்தத்துல இருக்கற மருந்து பாதியா குறைய ஆகற நேரத்த ஹாஃப் லைஃப்னு சொல்றாங்க. அந்த மாதிரி அஞ்சு தடவ பாதியானா கிட்டத்தட்ட 3 சதவீதம்தான் மிச்சம், அத போயிடுச்சுன்னே எடுத்துக்கலாம். டைக்ளோஃபினாக்குக்கு இது 1லேருந்து 2 மணி நேரம், அதாவது அரை நாளுக்குள்ள முடிஞ்சுது. ஐபுப்ரோஃபென் 2 மணி நேரம் சுமாருக்கு. அசிக்ளோஃபினாக் 4 மணி நேரம், ஒரு நாள்னு வச்சுக்கங்க. நாப்ராக்ஸென் 12லேருந்து 17 மணி நேரம், அது போக மூணு நாள் ஆகும். எடோரிகாக்ஸிப் 22 மணி நேரம், மெலாக்ஸிகாம் 20 மணி நேரம், ரெண்டுக்கும் நாலஞ்சு நாள். பைராக்ஸிகாம்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு ஹாஃப் லைஃப் மட்டுமே 50 மணி நேரம். அஞ்சால பெருக்கிப் பாருங்க, பத்து நாளுக்கு மேல வருது. தினமும் போட்டுக்கிட்டே இருந்தா ரத்தத்துல அது ஒரு நிலைக்கு வந்து நிக்கறதுக்கே ஒரு வாரத்துக்கு மேல ஆகும். இதெல்லாம் சராசரிதான், வயசானவங்களுக்கும் கல்லீரல் கிட்னி சரியில்லாதவங்களுக்கும் இன்னும் இழுக்கலாம். எஸ்ஆர்னு போட்டு வர்ற மாத்திரை மெதுவா கரையறதால அதுக்கும் கொஞ்சம் சேத்துக்கணும்.

இன்னொண்ணு, டைக்ளோஃபினாக் ரத்தத்துல சீக்கிரம் குறைஞ்சாலும் மூட்டுக்குள்ள இருக்கற நீர்ல அத விட அதிக நேரம் தங்கும். ரத்தத்துல ரெண்டு மணி நேரத்துல பாதியாகற மருந்த ஒரு நாளைக்கு ரெண்டு வேளை போட்டாலே வலி கேக்குதே எப்படின்னு நான் கேட்டப்ப எலும்பு டாக்டர் சொன்னது இது.

இப்ப அப்பா விஷயம். கோயம்புத்தூர்ல மில்லுல ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. நின்னே வேலை பாத்த முழங்கால், தேய்மானம். எலும்பு டாக்டர் ஒருத்தர் கொஞ்ச நாளைக்கு மட்டும்னு ஒரு மாத்திரை எழுதிக் குடுத்தாரு. வலி நல்லா கேட்டுச்சு. சீட்டு முடிஞ்ச பிறகு அப்பா பழைய அட்டைய தெரு முனை மெடிக்கலுக்குக் கொண்டு போய் காட்டி வாங்க ஆரம்பிச்சுட்டாரு, அவங்களும் அஞ்சஞ்சா வெட்டிக் குடுத்துக்கிட்டே இருந்தாங்க. இது ஷெட்யூல் ஹெச் மருந்து, அட்டைல சிவப்புக் கோடே போட்டிருக்கு, சீட்டு இல்லாம விக்கக் கூடாது. பில்லும் கிடையாது. எங்க யாருக்கும் இது ஓடறது தெரியாது, சட்டைப் பையிலயே வச்சுக்குவாரு.

குடலிறக்கத்துக்கு ஆபரேஷன்னு முடிவாகி, மயக்க மருந்து டாக்டர் வந்து என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு கேக்கறாரு. அப்பா பிபி மாத்திரைய சொன்னாரு, டெல்மிசார்டானும் நீர் மாத்திரையும் சேர்ந்த ஒண்ணு. கால் வலிக்குப் போடறத சொல்லல, அது அவருக்கு மருந்து கணக்குலயே வரல. டெஸ்ட் ரிப்போர்ட்ல கிரியேட்டினின் 1.9. முந்தின வருஷம் 1.0 தான். டாக்டர் ரிப்போர்ட்ட பாத்துட்டு மறுபடி "வலிக்கு ஏதாவது போடறீங்களா?"ன்னு நேரா கேட்டாரு. அப்பதான் பையிலேருந்து அந்த அட்டைத் துண்டு வெளிய வந்துச்சு.

அந்தத் துண்டுல ரெண்டு மாத்திரை மிச்சம். பின் பக்கம் வெள்ளி ஃபாயில், கத்தரி சாய்வா போயிருக்கு, பேரோட முன் பாதி போயிடுச்சு. மிச்சம் நின்னது "ஆக்ஸிகாம்"ங்கற எழுத்துங்க மட்டும். மில்லிகிராம் போட்ட இடமும் இல்ல, எக்ஸ்பயரி தேதியும் இல்ல, கம்பெனி பேரும் இல்ல. மெலாக்ஸிகாமும் அப்படித்தான் முடியும், பைராக்ஸிகாமும் அப்படித்தான் முடியும். ஒண்ணுன்னா நாலு நாள் பொறுத்தா போதும், இன்னொண்ணுன்னா பத்து நாள். டாக்டர் வெளிச்சத்துல திருப்பித் திருப்பி பாத்துட்டு "எதுன்னு தெரியாம நான் கை வைக்க மாட்டேன்"னு சொல்லிட்டாரு. அந்த மனுஷன நான் இன்னிக்கும் மதிக்கிறேன். நான் நேரா அந்தக் கடைக்குப் போய் முழு அட்டைய எடுக்கச் சொல்லி போட்டோ பிடிச்சேன். பைராக்ஸிகாம் 20.

ஆபரேஷன் தள்ளிப் போச்சு. ரத்தக் கசிவு பயம் ஒரு காரணம், கிட்னி பெரிய காரணம். கிட்னிக்குள்ள போற ரத்தக் குழாய விரிச்சு வைக்க உடம்பே புரோஸ்டாகிளாண்டின்னு ஒண்ண சுரக்குது, வலி மாத்திரை அதத்தான் அடைக்குது. டெல்மிசார்டான் மாதிரி மருந்து வெளிய போற குழாய தளர்த்துது. நீர் மாத்திரை உடம்புல தண்ணிய குறைக்குது. மூணும் சேர்ந்தா கிட்னிக்குள்ள வடிகட்டற அழுத்தம் விழுந்துடும். நம்ம ஊர்ல அறுபது தாண்டுன எத்தனையோ பேரு பிபி மாத்திரையோட வலி மாத்திரையும் சேத்துப் போட்டுக்கிட்டு இருக்காங்க, அத நினைச்சாத்தான் எனக்கு வயிறு எரியுது. எடோரிகாக்ஸிப் வயித்துக்கு நல்லதுன்னு சொல்லி விக்கறாங்களே, அது வயித்துப் புண்ணத்தான் கொஞ்சம் குறைக்கும், கிட்னிக்கு அதுவும் இதே கதைதான், பிபி கட்டுக்குள்ள இல்லாதவங்க அத தொடவே கூடாது.

மருந்து சீக்கிரம் வெளிய போகணும்னு சொந்தக்காரங்க பொள்ளாச்சி இளநீரா கொண்டாந்து அடுக்குனாங்க. பாசத்துலதான் கொண்டாந்தாங்க, குறை சொல்லல. ஆனா கிட்னி மந்தமா இருக்கறப்ப, டெல்மிசார்டானும் உள்ள போயிக்கிட்டு இருக்கறப்ப, ரத்தத்துல பொட்டாசியம் ஏறும். இளநீர்ல பொட்டாசியம் நிறைய. அப்பாவுக்கு ஏற்கனவே ஏறித்தான் இருந்துச்சு, டாக்டர் ஒரு சொட்டு கூட வேண்டாம்னு தடுத்தாரு. இந்த மருந்துங்கள முக்கியமா கல்லீரல்தான் உடைக்குது, தண்ணிய மொண்டு மொண்டு குடிச்சா வேகமா கழுவிட்டுப் போயிடாது.

நிறுத்தி சில வாரம் கழிச்சு கிரியேட்டினின் 1.2க்கு இறங்குச்சு, ஆபரேஷனும் நல்லபடியா முடிஞ்சுது. ஆனா அதுக்குள்ள பட்ட பாடு வேற. ஆஸ்பத்திரி மாத்துனோம், ரெண்டு நாள் முன்னாடி எடுத்த ரத்தம் டெஸ்ட்ட தூக்கி ஓரமா வச்சுட்டு "எங்க லேப்லதான் எடுக்கணும்"னு எல்லாத்தையும் திரும்ப எடுக்க வச்சாங்க. ஈசிஜி, எக்ஸ்ரே உட்பட. அதே சர்க்கரை, அதே ஹீமோகுளோபின், புள்ளி கூட மாறல. வயசான மனுஷன பட்டினி போட்டு வரிசைல உக்கார வச்சு மறுபடி ஊசி குத்தறாங்க. ஏன்னு கேட்டா "பாலிசி சார்"ங்கறாங்க. கேள்விக்கு இது சம்பந்தம் இல்லதான், ஆனா எங்கயாவது சொல்லணும்.

ஒரே மருந்து வேற உடம்புல என்ன பண்ணும்னு ஒரு உதாரணம் சொல்றேன். எங்க பக்கம் மோயாறு பள்ளத்தாக்குல பாறு கழுகு இன்னும் கொஞ்சம் இருக்கு. நாடு முழுக்க அது அழிஞ்சதுக்குக் காரணம் மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக்னு 2004ல கண்டுபிடிச்சாங்க. ஊசி போட்ட கொஞ்ச நாள்ல மாடு செத்தா அந்தக் கறில மருந்து மிச்சம் இருக்கும், அதத் தின்ன கழுகுக்கு கிட்னி போயிடும். 2006ல மாட்டுக்குப் போடறத தடை பண்ணாங்க, மனுஷங்களுக்கான பெரிய குப்பிய மாட்டுக்குப் போடறாங்கன்னு 2015ல ஊசிக் குப்பிய 3 மில்லிக்கு மேல இருக்கக் கூடாதுன்னாங்க, 2023ல மாட்டுக்கு அசிக்ளோஃபினாக்கும் கீட்டோப்ரோஃபெனும் தடை. நமக்கு அரை நாள்ல வெளிய போற மருந்து இன்னொரு உடம்புல உயிரையே எடுக்குது. மருந்துக்கு இவ்வளவு மணி நேரம்னு மட்டும் படிச்சுட்டு தைரியமா இருக்காதீங்க, அது யார் உடம்புல இருக்குங்கறதும் கணக்குல வரணும்.

ஆஸ்பிரின் மட்டும் தனி, இந்தக் கணக்குல சேக்காதீங்க. அது ரத்தத்துல கொஞ்ச நேரந்தான் இருக்கும், ஆனா அது தொட்ட ரத்தத் தட்டணு (ரத்தம் உறைய உதவற பிளேட்லெட்) திரும்ப வேலை செய்யாது, புதுசு வர ஒரு வாரம் பத்து நாள் ஆகும். இதயத்துக்காகவோ ஸ்டென்ட்டுக்காகவோ ஆஸ்பிரின் போடறவங்க ஆபரேஷன்னு யாரோ சொன்னாங்கன்னு தானா நிறுத்திடாதீங்க, இதய டாக்டர் சொல்லணும். வலி மாத்திரை போடற யாருக்கும் மலம் தார் மாதிரி கருப்பா போனாலோ, ஒண்ணுக்கு அளவு குறைஞ்சாலோ, கால் வீங்குனாலோ அன்னிக்கே ஓடணும், நாள் எண்ணிக்கிட்டு இருக்கக் கூடாது.

கடைல அட்டைய வெட்டறப்ப பேரும் தேதியும் இருக்கற பக்கத்தக் கேட்டு வாங்குங்க, தரலன்னா முழு அட்டைய போட்டோ எடுத்துக்கங்க. உங்க மாத்திரையோட பேரு, மில்லிகிராம், எஸ்ஆர்னு இருக்கா, தினமும் போட்டீங்களா இல்ல வலிக்கறப்ப மட்டுமா, கூட என்ன பிபி மாத்திரை, இதையெல்லாம் ஒரு தாள்ல எழுதி டாக்டர் கைல குடுங்க. இங்கயும் எழுதுனீங்கன்னா அதுக்கு எத்தனை மணி நேரம்னு நான் பாத்து சொல்றேன்.